வெந்த மண்ணில் எழுந்த பலூன்

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில், ஒரு கண்ணாடி பாட்டிலின் வாயில் பலூன் ஒன்று எழுந்து நின்றதைப் பார்த்து நாற்பது ஐம்பது பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கைதட்டியவர்கள் மேல் கொஞ்சம், எங்கள் தலைமையாசிரியை மேல் நிறைய, என் மேல் எல்லாரையும்விட அதிகம். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் கை அழுக்கு என்று அன்று அந்த ஆய்வகத்தில் வைத்து முடிவு செய்தோம். செய்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அங்கேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கோபக்காரி என்று பெயர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் சும்மா ஹாரன் அடிப்பவனை ஷேர் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டித் திட்டுகிறவள் நான். அப்படி ஊரையே திட்டுகிற வாயைத்தான் அன்று மூடிக்கொண்டேன்.

கண்காட்சி வருஷா வருஷம் ஜனவரி கடைசியில் நடக்கும். அதே எரிமலை, அதே சொட்டுநீர்ப் பாசனம், தெர்மாகோலில் அதே சூரியக் குடும்பம். சனிக் கிரகத்துக்கு வீட்டில் யாருடைய வளையலையாவது மாட்டியிருப்பார்கள். பாதியை அப்பாக்கள் செய்திருப்பார்கள், மீதியை ஸ்டேஷனரி கடைக்காரர் செய்திருப்பார். இந்தத் தடவை அதையெல்லாம் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று விஞ்ஞானிகள் எப்படித் தேடுகிறார்கள் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே செய்து காட்டட்டும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் பாதிப் பேர் பெரிய கண்ணும் பச்சை முகமுமாக வரைய ஆரம்பித்துவிட்டார்கள். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிக் கத்தினேன்.

"ஒரு பொருளுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டேன்.

"நகரும் மிஸ்" என்றான் ஒருவன்.

"பஸ்கூடத்தான் நகருது."

"தாம்பரத்துல பஸ் எங்க மிஸ் நகருது?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு பொறுமையாகவே சொன்னேன். வேறு கிரகத்தில் நமக்குக் கிடைக்கப்போவது கையும் காலும் உள்ள ஆசாமியாக இருக்க வேண்டியதில்லை. கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிராக இருக்கலாம். ஆனால் உயிர் என்று ஒன்று இருந்தால் அது எதையாவது தின்னும், தின்றுவிட்டு எதையாவது வெளியே விடும். அதனால் தேடுகிறவர்கள் உயிரைத் தேடுவதற்கு முன்னால் அதன் அடையாளத்தைத் தேடுகிறார்கள். ஏறத்தாழ ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செவ்வாயில் இரண்டு இயந்திரங்களை இறக்கினார்கள். அங்கே செய்த சோதனைகளில் ஒன்று ரொம்ப எளிமையானது. மண்ணை அள்ளி, அதில் சத்துள்ள திரவத்தைச் சொட்டுவிட்டு, வாயு வருகிறதா என்று காத்திருந்தார்கள். வாயு வந்தது.

வகுப்பே கத்தியது. "இருங்க" என்றேன். "அடுத்து என்ன செஞ்சாங்க தெரியுமா? அதே மண்ணை இன்னும் கொஞ்சம் எடுத்து, நல்லா சூடு பண்ணி, அதுக்கும் அதே சாப்பாட்டைப் போட்டாங்க. எதுக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலோர மூன்றாவது பெஞ்சில் அதுவரை பேசாமல் இருந்த பெண் எழுந்தாள். "சூடு பண்ணா உள்ள இருக்கறது செத்துடும் மிஸ். செத்த மண்ணுலயும் காத்து வந்தா அது உயிர் இல்ல. மண்ணே ஏதோ பண்ணுதுன்னு அர்த்தம்."

இருபத்திரண்டு வருஷத்தில் இதை யாரும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை. நானேகூட அவ்வளவு நேராகச் சொன்னதில்லை. செவ்வாயில் சூடாக்கிய மண்ணில் வாயு வரவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். ஆனாலும் அதே இயந்திரத்தில் இருந்த இன்னொரு கருவி, உடம்புகள் எதனால் ஆகின்றனவோ அந்தக் கார்பன் பொருள்களைத் தேடிப் பார்த்துவிட்டு அனேகமாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. அதனால் அது மண்ணின் ரசாயனம்தான் என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் முடிவுக்கு வந்தார்கள். சிலர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப இன்னும் தெரியாதா மிஸ்?"

"தெரியாது."

மற்ற பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. அவள் மட்டும் சந்தோஷமாக உட்கார்ந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறவர். பிள்ளைகளின் படிப்புக்காக அம்மா மேடவாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு அங்கேயே சாலையோரம் மீன் விற்கிறார். வியாழனின் நிலா ஒன்றில் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருக்கிறது என்றும், சனியின் நிலா ஒன்றிலிருந்து அதன் உள்ளே இருக்கும் கடல்நீர் பீறிட்டு வெளியே அடிக்கிறது என்றும் நான் சொன்னபோது, "அங்க மீன் இருக்குமா மிஸ்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். நான் மேசையைத் தட்டினேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல், "இருக்கணும்னு இல்ல மிஸ். ஆனா ஒரு வாட்டி போய்ப் பாத்துட்டு இல்லைன்னும் சொல்ல முடியாது. எங்கப்பா சில நாள் ஒண்ணுமே இல்லாம வருவாரு. அதுக்காக கடல்ல மீனே இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள். இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க நான் ஒரு பீரியட் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னேன். சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. வேறு கிரகத்துக்கு அனுப்பும் இயந்திரத்தைச் செய்கிறவர்கள் தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டுதான் அதைத் தொடுவார்கள், செவ்வாய்க்குப் போன அந்த இரண்டையும் கிளம்பும் முன் பெரிய அடுப்பில் வைத்ததுபோல மணிக்கணக்கில் சூடு காட்டினார்கள் என்றேன். "ஏன்னா நம்ம கையில, மூச்சுல எல்லாம் கிருமி இருக்கு. நாம கொண்டுபோன கிருமியையே அங்க கண்டுபிடிச்சுட்டு, உயிர் கிடைச்சுடுச்சுன்னு குதிச்சா எவ்வளவு அசிங்கம்?" இதைச் சொன்னது நான்தான்.

சோதனைக்கு ஏற்பாடு செய்தோம். பள்ளி வேப்பமரத்தடி மண்ணை எடுத்து இரண்டு பங்காக்கினோம். ஒரு பங்கை அப்படியே ஒரு பாட்டிலில் போட்டோம். இன்னொரு பங்கை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் பிரஷர் குக்கரில் இரண்டு நாள் வேகவைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் குக்கரில் சோறு வைக்க மனசு வரவில்லை. வெந்த மண்ணை இரண்டாவது பாட்டிலில் போட்டு, காய்ச்சி ஆறவைத்த சர்க்கரைத் தண்ணீரை இரண்டிலும் ஊற்றி, வாயில் பலூனை இழுத்து மாட்டினோம். உயிருள்ள மண்ணின் பலூன் மெல்ல வீங்க வேண்டும், வெந்த மண்ணின் பலூன் தொங்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எதில் உயிர் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். வேகவைக்காத பச்சை மண்ணுக்குச் சிவப்பு ஸ்டிக்கரும் வெந்த மண்ணுக்கு நீல ஸ்டிக்கரும் நானே ஒட்டினேன்.

மறுநாள் அவள் வந்து நின்றாள். "மிஸ், நீங்க ஒட்டும்போது எல்லாரும் பாத்துட்டாங்க. சிவப்புதான் வீங்கும்னு இப்பவே சொல்லிகினு இருக்காங்க. ஆசையா பாத்தா வீங்காததும் வீங்கினாப்புல தெரியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நீயே யாருக்கும் தெரியாம ஸ்டிக்கரை மாத்திடு, இல்ல மாத்தாம விடு. எது எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி கவர்ல ஒட்டி ஹெச்.எம். மேடம்கிட்ட குடுத்துடு. எனக்கும் தெரியக் கூடாது" என்றேன். கடைசி வாக்கியத்தை வகுப்பே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

ஐந்து நாள் போயிற்று. இரண்டு பலூனும் தொங்கின. அவள் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் பலூனைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒருநாளும் அந்த நோட்டைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை மாலை தலைமையாசிரியை ஸ்டால்களைச் சுற்றிப் பார்க்க வந்தார்.

"என்ன மிஸ், ரெண்டும் தொங்கிக்கிட்டு இருக்கு?"

"மெதுவாத்தான் மேடம் வரும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு சீஃப் கெஸ்ட் வரார். இந்த ஸ்டால்லதான் ஃபோட்டோ எடுக்கப்போறோம். ஏதாவது வரணும் மிஸ்."

இந்த 'வரணும்' என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான். கல்லூரி முதல் வருஷத்தில் ஊசல் சோதனை. குண்டை நூலில் கட்டி ஆட்டி, நேரம் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பத்தரை வந்தது. பக்கத்து மேசையில் இருந்த சீனியர் அக்கா என் நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "லூசு, முதல்ல 9.8னு எழுது. அங்கேர்ந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங் எழுது. நடுவுல ஒண்ணு ரெண்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக்கோ, அப்பதான் நிஜமா செஞ்ச மாதிரி இருக்கும்." அப்படியே எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிராக்டிகல் வகுப்பு என்றாலே இதுதான். விடை முதலில், சோதனை அப்புறம். பின்னாளில் நானே வெளிப் பள்ளிகளுக்குப் பரீட்சை எடுக்கப் போனேன். முப்பது நோட்டிலும் ஒரே விடை இருக்கும், எல்லாவற்றுக்கும் டிக் போடுவேன். ஒரு வருஷம் ஒருத்தி நிஜமாக அளந்து, வந்ததை அப்படியே எழுதியிருந்தாள். அவளுக்கு மட்டும் மார்க் குறைத்தேன். அந்தப் பெண்ணின் முகம்கூட எனக்கு நினைவில்லை. இதையெல்லாம் ஏமாற்று என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிராக்டிகல் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கே பள்ளிக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போட வாங்கியதில் மிஞ்சிய ஈஸ்ட் பாக்கெட் கைப்பையில் இருந்தது. பிளாஸ்கில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டுப் போனதும், சிவப்பு ஸ்டிக்கர் பாட்டிலின் பலூனைக் கழற்றினேன். ஈஸ்ட்டை உள்ளே தட்டி, தண்ணீரை ஊற்றி, திரும்ப மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. கவர் என்று ஒன்று இருப்பதே அப்போது நினைவில் இல்லை. சிவப்பை ஒட்டியது நான், சிவப்பு பச்சை மண், அவ்வளவுதான் தலையில் இருந்தது.

எட்டே முக்காலுக்கு அவள் வந்தாள். பலூன் அதற்குள் தலை நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் ஓடிவந்து, "மிஸ், ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் ரங்கோலிக்கும் பூங்கொத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். "எதுவானாலும் அப்புறம்" என்று விரட்டிவிட்டேன். இன்னொரு தடவை வந்தாள். இன்னொரு தடவையும் விரட்டினேன்.

சிறப்பு விருந்தினர் வயதானவர், நல்ல மனுஷர். எங்கள் மேசைக்கு வந்து, சிவப்பு பலூன் நெடுநெடுவென்று நிற்பதைப் பார்த்து, "இதுலதான் உயிர் இருக்கு" என்றார். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே கவரை நீட்டினார். அவர் கிழித்து, மைக்கில் உரக்க வாசித்தார்: "சிவப்பு, வெந்த மண். நீலம், பச்சை மண்."

நான் ஈஸ்ட் போட்டது வெந்த மண்ணில். விருந்தினருக்கு ஒன்றும் புரியவில்லை. "வேகவெச்ச மண்ணுலேர்ந்தே உயிரைக் கொண்டுவந்துட்டாங்களே நம்ம பிள்ளைங்க, பலே!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அறிவியல் ஆசிரியர்கள் நாலு பேர் அங்கே இருந்தோம். மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"கைதட்டாதீங்க சார்."

மேசைக்குப் பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள். "இது தப்பாப் போச்சு சார். வெந்த மண்ணுல வரக் கூடாது. யாரோ பாட்டிலைத் திறந்து உள்ள ஏதோ போட்டிருக்காங்க. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாங்க திரும்ப முதல்லேர்ந்து செய்யணும்."

விருந்தினர் அவள் தலையைத் தட்டிவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார். தலைமையாசிரியையின் முகம் சிவந்திருந்தது. விருந்தினரின் கார் கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"பாட்டிலைக் கடைசியாத் தொட்டது யாரு?"

"நான்தான் மேடம். ஸ்டிக்கர் மாத்தினேன். பலூனை நூலால அளந்தேன்."

"கை கழுவிட்டுத் தொட்டியா?"

"கழுவினேன் மேடம்."

பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருத்தி மெதுவாக, "அவங்க வீட்ல மீன் வியாபாரம் மேடம்" என்றாள். தலைமையாசிரியை, "அதானே பார்த்தேன்" என்றார். "அந்தக் கையோட தொட்டா வெந்த மண்ணு என்ன, கல்லுகூடக் கெட்டுப்போகும். சீஃப் கெஸ்ட் முன்னாடி வாய் வேற. மாவட்டக் கண்காட்சிக்குப் போற லிஸ்ட்ல இவ பேர் வேண்டாம். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. வேலையையும் பெயரையும் நினைத்து அதை நானே அடக்கி வைத்தேன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் எல்லாரையும் கடித்துக் குதறினேன். டேங்கர் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் ஃபிளாட் செக்ரட்டரியிடம் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையை நானும் சொன்னேன். கூட்டத்தோடு சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. என்ன செய்தோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவு கோபம். யார் மேல் என்பதில் அன்று எனக்குச் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்தார். காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார். தலைமையாசிரியை உட்காரச் சொல்லவில்லை. பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். சுத்தம், சுகாதாரம், பள்ளியின் பெயர் என்று தலைமையாசிரியை ஐந்து நிமிஷம் பேசினார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா மேடம்? மீனு விக்கிற கை நாறும், ஒத்துக்கிறேன். அழுக்கா கீதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி கழுவுறேன்னு எனக்குத்தான் தெரியும். நான் நாறுனா நாறிட்டுப் போறேன், எம்பொண்ணு மீனைத் தொட்டு ரெண்டு வர்சம் ஆவுது. படிக்கிற கைன்னு நான்தான் தொட வுடல. கொழம்புக்குக்கூட நானே ஆஞ்சுகினு இருக்கேன்."

"நான்தான் போட்டேன்" என்றேன்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "மிஸ், நீங்க கிளாஸுக்குப் போங்க."

"பாட்டிலைத் திறந்தது நான் மேடம். காலையில வந்து ஈஸ்ட் போட்டேன். ஏதாவது வரணும்னு நீங்க சொன்னீங்க, நான் வரவெச்சேன். இந்தப் பொண்ணு கைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கதானா? அப்ப மூணு நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

தலைமையாசிரியை சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார். "சரிம்மா, ஏதோ தெரியாம நடந்துடுச்சு. பொண்ணு பேரை லிஸ்ட்ல சேர்த்துடறோம். இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

"எம்பொண்ணை அத்தினி பேருக்கு முன்னால வெச்சு சொன்னீங்க. இத்த மட்டும் நமக்குள்ளயா?"

அந்த அம்மா சொன்னது சரி. முதல் பீரியட் மணி அடித்ததும் நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். எல்லாரையும் எழுந்து என் பின்னால் வரச் சொன்னேன். ஆய்வகத்தில், அதே மேசைக்கு முன்னால் நின்று, என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கல்லூரியில் எழுதிய 9.8ஐயும், நான் மார்க் குறைத்த அந்தப் பெண்ணையும் சொன்னேன். மற்ற ஆசிரியர்கள் மூன்று பேரும் வாசலில் வந்து நின்றார்கள். மீன் வியாபாரம் என்று சொன்னவளும் அதில் இருந்தாள். அவளைப் பார்த்தே, இந்தப் பெண்ணின் கை நம் எல்லார் கையையும்விடச் சுத்தம் என்று சொன்னேன். அவள் கீழே பார்த்தாள். பிறகு பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர்கள் மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

பிறகுதான் முதல்முறையாக அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீல பலூனின் சுற்றளவு நாளுக்கு நாள் கூடியிருந்தது. நூலில் ஒரு நெல் அளவு, மறுநாள் இன்னொரு நெல் அளவு. உயிர் இருந்த பாட்டில் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் எதையும் செய்யாமல் இருந்திருந்தால் போதும், சோதனை ஜெயித்திருக்கும். இதைப் படித்தபோது வந்த ஆத்திரத்தில் நோட்டைக் கிழித்துவிடுவேனோ என்று பயந்து மேசைமேல் வைத்தேன்.

கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை குறிப்பு இருந்தது. காலை 8.50, சிவப்பு பலூன் நிற்கிறது. பாட்டில் வாயில் ஈரம். புளித்த வாசனை. மிஸ் மேசையில் காலி ஈஸ்ட் பாக்கெட்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"அப்புறம் மேடம் உன்னைக் கேட்டப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

"பாக்கெட்டைத்தான் மிஸ் பாத்தேன். நீங்க போட்டதை நான் பாக்கல. பாக்காததை எப்படிச் சொல்றது?"

மாவட்ட லிஸ்டில் பெயர் இல்லாமல் போகும், அம்மா வந்து தலைகுனிந்து நிற்பார், எல்லாம் தெரிந்துதான் அந்தப் பெண் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஆசிரியைகள் வகுப்பில் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருப்பவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாவட்டக் கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, இன்றைக்கே புது பாட்டில், புது மண், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். நானே பாட்டில்களைக் கழுவித் தருகிறேன் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிங்க் பக்கம் போனேன்.

"மிஸ்."

திரும்பினேன். அவள் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சோதனைக்குத் தேவையான ஒன்றைச் சொல்கிற முகம்.

"நாங்க கழுவிக்கிறோம் மிஸ். மண்ணை வேகவெக்கறதும் எங்கம்மா வீட்ல செஞ்சுடுவாங்க. முடியறவரைக்கும் நீங்க மட்டும் வெளியே நில்லுங்க."

முப்பத்தாறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன். வெளியே வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.